இ-சிம் இருக்கிறதா? பட்டியலா, செட்டிங்ஸா, *#06# எண்ணா?

போன ஆண்டு பழைய கைப்பேசிக் கடை ஒன்றில் ஐபோன் 13 வாங்கினேன். இ-சிம், அதாவது தனி அட்டை போடாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம், வசதியுள்ள மாடல்களின் பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஐபோன் 13 அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து ஊசியால் குத்திச் சிம் தட்டை இழுத்தால், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு நானோ சிம்களுக்கு இடம். சீனச் சந்தைக்கான ஐபோன் 13 அப்படித்தான் வரும். அதில் இ-சிம் கிடையாது.

பட்டியல் மாடலின் பெயரை மட்டுமே அறியும். உங்கள் கையில் இருப்பது எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. இந்தியாவில் பில்லோடு புதிதாக வாங்குபவருக்குப் பட்டியலே போதும்: ஐபோன் என்றால் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி இ-சிம் உண்டு. கைமாறி வந்த கைப்பேசிக்குப் பட்டியலை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.

செட்டிங்ஸில் தேடுவது அதைவிட நல்ல வழி. இ-சிம் சேர்க்கும் வசதி அங்கே இருந்தால், மென்பொருளும் தயாராக இருக்கிறது என்று பொருள். ஆனால் ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாறும். சாம்சங்கில் சிம் மேலாளருக்குள் இருப்பது, வேறொன்றில் நெட்வொர்க் பகுதிக்குள் இருக்கும். கடைக்காரர் எதிரில் நிற்க, பதற்றத்தில் தேடினால் கண்ணில் படாமலே போகலாம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அழைப்புத் திரையில் *#06# என்று அடித்தால் போதும். சிம் போட வேண்டாம், இணையம் வேண்டாம். கைப்பேசியின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்கள் திரையில் வரும்; அவை 15 இலக்கம். அவற்றோடு இஐடி என்ற பெயரில் 89-இல் தொடங்கும் 32 இலக்க எண் ஒன்றும் வந்தால், உள்ளே இ-சிம் சில்லு இருக்கிறது. இரண்டு ஐஎம்இஐ வந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு சாதாரண சிம் போடும் கைப்பேசியிலும் இரண்டு வரும். இஐடியைத்தான் தேட வேண்டும். ஜியோ எண்ணை இ-சிம்முக்கு மாற்றும்போதும் ஐஎம்இஐயோடு இதே எண்ணைத்தான் கேட்பார்கள்.

ஆனால் இஐடி சொல்வது சில்லைப் பற்றி மட்டும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தன் இணைப்புக்கு மட்டும் பூட்டி விற்ற கைப்பேசியிலும் இஐடி வரும். நம் ஊர் இ-சிம் அதில் வேலை செய்யாது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே இறங்கினால், சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்ற வரி இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் தட்டே கிடையாது. அதில் இ-சிம்மை விட்டால் மாற்று வழியே இல்லை.

சென்ற மாதம் தங்கைக்குக் கைப்பேசி வாங்கியபோது, விலை பேசும் முன்பே *#06# அடித்தேன். இஐடி வந்தது. பூட்டு இல்லை என்பதையும் பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தோம்.