13 வருஷமாக ஒரு பழைய லோடு ஜீப்: அடியில் கேட்ட சத்தங்கள்

தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் மண்பாதை, இடையில் ஓர் ஓடை. மூட்டை இறக்குவதற்காக 2011ல் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். பின்னால் லோடு தொட்டி, ஃபோர் வீல் டிரைவ், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். வேண்டாதபோது முன் வீலை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் லாக்கிங் ஹப் கிடையாது. இந்த ஹப் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்ஜின் இந்த 13 வருஷத்தில் என்னைப் பெரிதாகச் சோதித்ததில்லை. சோதித்ததெல்லாம் கியர்பாக்ஸிலிருந்து வீல் வரைக்கும் உள்ள பாகங்கள்தான். பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் நான் செலவழித்த பணத்தைச் செலவழிக்காமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது ஒரு குருவிச் சத்தம். மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்று கேட்கும், வேகம் கூடினால் சத்தமும் அடுக்கடுக்காகக் கூடும், அப்புறம் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிவிடும். அது கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயிண்டில், சிலுவை மாதிரி இருக்கும் கிராஸ். கிரீஸ் வற்றி, உள்ளே இருக்கும் ஊசி பேரிங் துருப்பிடித்தால் இப்படிக் கத்தும். குனிந்து பார்த்தால் கிராஸின் மூடியைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு படிந்திருக்கும். அந்தப் பொடியைப் பார்த்துவிட்டால் வேறு சோதனையே வேண்டாம், கிராஸை மாற்றிவிடுங்கள். ஓடையில் இறங்கி ஏறும் வண்டி என்பதால் மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நானே கிரீஸ் கன் பிடிக்கிறேன். நான்கு மூடியிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு மூடியில் மட்டும் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஏமாந்தது இரண்டாவது சத்தத்தில்.

மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டி சமவெளி ரோட்டில் 45க்கு மேல் போனால் அடியிலிருந்து ஓர் உறுமல். தரைத்தகடு அதிரும், கியர் லீவர் கையில் நடுங்கும். டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பின் ஆக்ஸிலில் ஷாஃப்டின் சுற்றை வீல் பக்கம் திருப்பும் கிரவுன்-பினியன் பல்சக்கரம் போய்விட்டது என்றார்கள். சத்தம் பின்னாலிருந்து வருவதாக எனக்கும் தோன்றியதால் சரி என்றேன். செட்டு மாற்றி, பேரிங் மாற்றி, ஒரு வாரம் கழித்து வண்டியை எடுத்தேன். அதே உறுமல் அதே வேகத்தில் வந்தது. மறுபடி கொண்டுபோனபோது வீல் பேரிங் என்றார்கள். அதையும் மாற்றினேன். உறுமல் போகவில்லை. அந்த வருஷத்து மிளகுப் பணத்தில் பாதி அதற்கே போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் மலையிலேயே இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். நான் வாயைத் திறந்ததுமே கையமர்த்தினார்.

“எங்க இருந்து வருதுன்னு சொல்லாதீங்க தம்பி. எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க.”

இரும்புச் சேஸில் சத்தம் ஓடும். முன்னால் பிறப்பது பின்னால் கேட்கும். அதனால் காது காட்டும் இடத்தை நம்பக் கூடாது, நேரத்தைத்தான் நம்ப வேண்டும் என்றார். அப்புறம் வரிசையாகக் கேட்டார். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் இருக்கிறதா? இல்லை, ஒரே மாதிரிதான். ஓடும்போதே கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்தால்? அப்போதும் இருக்கிறது. வளைவில் இடமோ வலமோ திரும்பும்போது கூடுகிறதா? இல்லை.

“அப்ப கிரவுனை ஏன் பிரிச்சீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அவர் விளக்கியதை இங்கே எழுதிவிடுகிறேன். கிரவுன்-பினியன் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு. வண்டியை இழுக்கும்போது ஒரு முகம் வேலை செய்யும், கால் எடுத்தால் மறுமுகம். தேய்ந்த பல்லின் ஊளை அதனால் ஆக்ஸிலேட்டருக்குத் தகுந்தபடி கட்டாயம் மாறும். வீல் பேரிங் என்றால் வளைவில் காட்டிக்கொடுக்கும்: இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்க வீலில் ஏறும், கெட்டது வலப்பக்க பேரிங் என்றால் சத்தம் உயரும். கிளட்ச், கியர்பாக்ஸ் சத்தம் வண்டி நிற்கும்போதே கேட்கும். நியூட்ரலில் கேட்டு, கிளட்ச் மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் முன்பக்க பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். என் உறுமல் இதில் எதற்கும் அசையவில்லை. வேகத்துக்கு மட்டும் கட்டுப்பட்டது. அப்படியென்றால் பாரம் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

இங்கேதான் ஹப் விஷயம் வருகிறது. லாக்கிங் ஹப் இல்லாத வண்டியில் டூ வீல் டிரைவில் ஓட்டினாலும் முன் வீல்கள் முன் டிஃபரன்ஷியலை (வீல்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பை) சுற்றும், அது முன் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றும். எதையும் இழுக்காமல் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் எட்டு போல்ட்டைக் கழற்றி முன் ஷாஃப்டை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, “ஓட்டிட்டு வாங்க” என்றார். 60 வரைக்கும் போனேன். உறுமல் சுத்தமாக இல்லை. அரை மணி நேர வேலை, பைசா செலவில்லை.

ஷாஃப்டைத் தரையில் வைத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். எங்கள் ஷாஃப்டில் ஒன்று திரும்பி நின்றது. முந்தைய வருஷம் கிளட்ச் மாற்றியபோது ஷாஃப்டைக் கழற்றியிருந்தார்கள். நடுவில் நீளும் ஸ்பிளைன் என்ற பல்வெட்டு இணைப்பு பிரிந்து வந்து, அதைத் திரும்ப மாட்டும்போது பல் மாற்றிப் போட்டிருக்க வேண்டும். சாய்வாகச் சுற்றும் கிராஸ் ஜாயிண்ட் சீரான வேகத்தில் சுற்றாது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தணியும். மறுமுனை ஜாயிண்ட் அதற்கு நேரெதிராக ஆடி அதைச் சமன் செய்யும். கவைகள் நேராக இருந்தால்தான் அந்தச் சமன் நடக்கும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வீல் விநாடிக்கு 6 சுற்று. என் வண்டியில் வீல் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் சுமார் நாலரை சுற்று, அதாவது விநாடிக்கு 27. ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு என்றால் 54. அது தட்டல் மாதிரி கேட்காது, உறுமலாகத்தான் கேட்கும். 10 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று வந்தால் அது வீலோடு சுற்றுவது, ஐந்து முறை வந்தால் ஷாஃப்டோடு சுற்றுவது. ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி எண்ணிப் பாருங்கள்.

கவையை நேராக்கி மாட்டியதும் உறுமல் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு வருஷ அதிர்வில், சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்க பேரிங் அடிவாங்கியிருந்தது, அதையும் மாற்றிய பிறகு முழுதாக நின்றது. இப்போது ஷாஃப்டில் எங்கே கை வைத்தாலும் கழற்றுவதற்கு முன் பெயின்ட்டால் கோடு போடாமல் யாரையும் தொட விடுவதில்லை.

ஷாஃப்டைக் கழற்றிப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் வீலில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கே கிடையாது. ஒரு பின் வீலை மட்டும் ஜாக்கியில் தூக்கினாலும் அது பிடிக்காது, டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருண்டுவிடும். சமதரையில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் கல் போட்டு, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே படுக்காதீர்கள்.

மற்ற சத்தங்கள் இவ்வளவு பாடுபடுத்தவில்லை. ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாறும்போது ‘டொக்’ என்று ஒரு அடி விழுந்தது. கிராஸில் ஆட்டம் என்று நினைத்தேன். ஒருவரை ஓட்டச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது பின் ஆக்ஸிலே பட்டையின் மேல் நகர்வது தெரிந்தது. ஆக்ஸிலைப் பட்டையோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தது, இறுக்கியதும் சரியாயிற்று. பட்டன் டயர் சீரில்லாமல் தேய்ந்தாலும் பேரிங் மாதிரியே இரையும். முன் டயரைப் பின்னால் மாற்றிப் பார்த்தால் சத்தமும் இடம் மாறிவிடும்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருநாள் வண்டியை வாங்கிப்போய், ஃபோர் வீலில் போட்டபடியே தார் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, “அண்ணே, முன்னாடி ஏதோ முனகுது, லீவரும் வர மாட்டேங்குது” என்றான். அது பழுதே இல்லை. இந்த மாதிரி வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் வீல் அதிக தூரம் போகும், பின் வீல் குறைவாகப் போகும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசம் கரைந்துவிடும், காய்ந்த தாரில் ஷாஃப்ட் முறுக்கேறிக்கொள்ளும். பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வந்துவிடும். லீவரை உதைத்து எடுக்காதீர்கள்.

ஓடை கடக்கும் வண்டிக்கு ஆயிலையும் பார்க்க வேண்டும். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீதர் என்ற காற்றுத் துளை மண்ணில் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் பிரீதரைக் கழற்றி ஊதிவிடுகிறேன். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, கையில் குத்துகிற சில் இருந்தால்தான் கவலை.

இந்த மாதம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. மூன்றாவது கியரில் இறக்கத்தில் காலை எடுத்தால் மெல்லிய ஊளை, மிதித்தால் இல்லை. மற்ற கியரில் எதுவும் கேட்கவில்லை. அதனால் ஆக்ஸில் பக்கம் நான் போகப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிக் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.