18டோர்ஸ் ரபி தேடும் சேவை: கத்தோலிக்க–யூதத் திருமணத்துக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

அமெரிக்காவில் கத்தோலிக்கரும் யூதரும் மணம் முடிக்கும்போது, பாதிரியாரைவிட ரபி (யூத மதகுரு) கிடைப்பதுதான் பெரும்பாடு. யூதப் பிரிவுகளில் பழைமை பேணும் ஆர்த்தடாக்ஸ் ரபிகள் இப்படிப்பட்ட மணத்தை நடத்தமாட்டார்கள். நடுவழிப் பிரிவான கன்சர்வேடிவ் ரபிகளை அவர்களுடைய சங்கமே தடுத்து வைத்திருக்கிறது. சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்மில் அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தொழுகைக்கூடமாகப் போன் போட்டு மறுப்பு வாங்கும் வேதனையைத் தவிர்க்க உதவுவது 18டோர்ஸ். 2020 வரை இதற்கு இன்டர்ஃபெய்த்ஃபேமிலி என்று பெயர். லாப நோக்கமில்லாத அமைப்பு. இணையப் படிவத்தில் விவரம் கொடுத்தால், கலப்பு மணம் நடத்தித்தரும் ரபிகள், கேன்டர்களின் (வழிபாட்டுப் பாடல்களை நடத்துபவர்கள்) பெயர்களை அனுப்புகிறார்கள். தேடித்தர ஒரு பைசா வாங்குவதில்லை. ரபிக்கான தட்சணை தனி, அதை அவரோடு நேரில் பேசிக்கொள்ள வேண்டும்.

தயங்காமல் பரிந்துரைக்கக்கூடிய சேவை. ஆனால் படிவத்தைத் தொடுவதற்கு முன் பங்குத்தந்தையை (உங்கள் கோவிலின் பொறுப்புப் பாதிரியாரை) பார்த்துவிடுங்கள். மணமக்களின் சம்மதத்தை யார் கேட்டுப் பெறுவது என்று முடிவாகாமல், எப்படிப்பட்ட ரபி வேண்டும் என்று சொல்லவே முடியாது.

திருமுழுக்குப் பெறாதவரை மணக்க, திருச்சபைச் சட்டம் 1086-ன்படி ஆயரின் விதிவிலக்கு கட்டாயம். அது இல்லாமல் பங்குத்தந்தை முன்னிலையிலேயே நடந்தாலும் திருச்சபையின் பார்வையில் திருமணம் செல்லாது. ரபி தலைமையில் ஹூப்பா பந்தலுக்குக் கீழே சம்மதம் சொல்வதென்றால் இன்னொன்றும் வேண்டும்: கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்தே விலக்கு, சட்டம் 1127. இரண்டையும் பங்குத்தந்தை வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும், கல்யாண நாளுக்கு முன்பே அனுமதி வந்திருக்க வேண்டும். “பாதிரியாரும் வந்து ஆசி கொடுத்தாரே” என்பது கணக்கில் சேராது. அப்படி நடந்தவர்கள் பிற்பாடு திருமணத்தைச் செல்லுபடியாக்க மறுபடியும் அலைகிறார்கள். பல மறைமாவட்டங்கள் ஆறு மாத முன்தயாரிப்பு கேட்கின்றன. திருமுழுக்குச் சான்றிதழும் ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். யூதத் தரப்பில் முன்பு ஒரு திருமணம் நடந்து விவாகரத்து ஆகியிருந்தால் அதையும் திருச்சபை விசாரிக்கும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், இழுப்பது இதுதான்.

பாதிரியாரும் ரபியும் மாறி மாறிச் சம்மதம் கேட்பதை அதே 1127 தடைசெய்கிறது. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் செபமோ ஆசியோ சொல்லலாம். சம்மதம் பாதிரியாரிடம் என்றால் யூதத் திருமணச் சடங்குகளான ஏழு ஆசிகளையும் கண்ணாடி உடைப்பதையும் ரபி நடத்தலாம். ஆனால் மோதிரம் போடும்போது சொல்லும் எபிரேய வாசகமே யூத மரபில் மணத்தைக் கட்டுவது. அதை எங்கே வைப்பது என்று இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். இன்னொரு மதகுருவோடு சேர்ந்து நடத்த எல்லா ரபிகளும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே படிவத்தில் இந்த விஷயத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். மழுப்பினால் வரும் பட்டியலில் பாதி பயன்படாது.

அடுத்த முட்டுக்கட்டை நாள். பல பங்குக் கோவில்களில் கல்யாணம் என்றாலே சனிக்கிழமை மதியம்தான். பெரும்பாலான ரபிகளுக்கு, சனிக்கிழமை பொழுது சாயும்வரை நீளும் யூத ஓய்வுநாள் முடியாமல் ஆகாது. ஜூன் மாத நியூயார்க்கில் பொழுது சாயவே இரவு எட்டரை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். பங்கில் கிடைக்காவிட்டால், திருமுழுக்குப் பெறாதவரோடான திருமணத்தைக் கோவிலுக்கு வெளியே பொருத்தமான இடத்திலும் நடத்த சட்டம் 1118 வழிவிடுகிறது. யூதர்களின் பாஸ்கா, பெந்தகொஸ்தே விழாக்களுக்கு இடைப்பட்ட வாரங்களில் தேதி குறிக்கும்போது ரபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பலர் அந்த நாள்களைத் தவிர்ப்பார்கள்.

பிள்ளைகள் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கர் வாக்குறுதி தர வேண்டும். யூதத் துணைக்கு அதைத் தெரிவித்தால் போதும், அவர் எதையும் வாக்களிக்க வேண்டியதில்லை. மறுபக்கம், யூத வீடாகவே வளர்ப்போம் என்று உறுதி கேட்கும் ரபிகளும் உண்டு. இரண்டு இடத்திலும் தலையாட்டிவிட்டு வருவது நேர்மையல்ல, பின்னாளில் வீட்டுக்குள் புண்ணாகும்.

வாசகங்களில் சின்னக் கவனம் போதும். கத்தோலிக்கத் திருமணங்களில் விரும்பி வாசிக்கப்படும் தோபித்து நூல் யூதத் திருநூலில் இல்லை. தொடக்க நூல், இனிமைமிகு பாடல், எரேமியா இருவருக்கும் பொது. திருப்பலி (நற்கருணை வழங்கும் முழுப் பூசை) வேண்டாம், பாதி விருந்தினர் நற்கருணைக்கு எழுந்து போக மறுபாதி உட்கார்ந்திருப்பது இரு குடும்பத்துக்கும் சங்கடம். மணமோதிரம் கல் பதிக்காத வெறும் வளையமாக இருக்கட்டும். கேதுபாவுக்கு (யூதத் திருமண ஒப்பந்தப் பத்திரம்) மரபு கேட்பது உறவினரல்லாத இரண்டு சாட்சிகள். எபிரேய வாசகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ரபி பார்க்கட்டும்: “மோசே, இஸ்ரயேல் சட்டப்படி” என்ற சொற்றொடரைக் கலப்பு மணத்தில் பலர் மாற்றுவார்கள்.

ரபி வெளியூரிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு வருகிறார் என்றால் நகர எழுத்தர் அலுவலகத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று முதல் போனிலேயே கேளுங்கள். திருமண உரிமத்தை வாங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் நடத்த முடியும், 60 நாளுக்குமேல் அது செல்லாது.