காகிதச் சங்கிலியா, உப்பு மாவு பொம்மையா?

கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் அலங்காரமாக, 20 பிள்ளைகளை உட்காரவைத்து இந்த இரண்டில் எதைச் செய்யச் சொல்வது?

செலவு: சங்கிலிக்கு வண்ணத்தாளும் பசையும் போதும், ஓர் ஏ4 தாளில் 3 செ.மீ. அகலத்தில் 9 பட்டைகள் வெட்டலாம். பொம்மைக்கு 2 கப் மைதா, 1 கப் உப்பு, சுமார் 1 கப் தண்ணீர். இரண்டுமே மலிவுதான்.

நேரம்: சங்கிலி அன்றே தொங்கும். மாவு காயச் சில நாளாகும். நூல் கோக்கும் ஓட்டையை ஈரத்திலேயே போட மறந்தால் அவ்வளவுதான். (மறந்திருக்கிறேன்.)

எவ்வளவு நாள் உழைக்கும்: காகிதம் கசங்கும். மாவு, ஈரம் படாதவரை வருடக்கணக்கில் நிற்கும். நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்; அத்தனை உப்பு அதற்கு ஆகாது.

பெரிய கூட்டம், ஒரே ஒரு மணி நேரம் என்றால் சங்கிலிதான். ஐந்தாறு பேர், அப்புறம் இன்னொரு நாளும் கூடி வண்ணம் பூசலாம் என்றால் மாவு.