0.2 மைக்ரான் ஷவர் வடிகட்டி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

லெஜியோனெல்லா பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரைக் குடிப்பதால் நோய் தருவதில்லை. ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்குகிறது. அதனால் தண்ணீர் வெளியேறும் வாயிலேயே அதைப் பிடித்து நிறுத்தும் இந்த வடிகட்டியின் அடிப்படை யோசனை மிகச் சரியானது. 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளைகள் கொண்ட சவ்வைத் தாண்டி அந்தப் பாக்டீரியா வர முடியாது. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த நோயாளிகள் இருக்கும் வார்டுகளில் தயங்காமல் பொருத்தலாம்.

ஆனால் இது தற்காலிகக் காவல்தான். குழாய்க்குள் படிந்த வழுவழுப்பான உயிர்ப்படலம் (கிருமிகள் ஒட்டி வாழும் படலம்) அப்படியே இருக்கும். வடிகட்டியை மாடலைப் பொறுத்து 31, 62 நாள் என அதற்குரிய கெடுவுக்குள் மாற்றியே ஆகவேண்டும்; பொருத்திய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். வண்டல் அதிகமானால் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். முன்வடிகட்டி வைத்தால் ஓரளவு தாங்கும். ஷவர் தலை தரையிலோ வாளியிலோ படக்கூடாது, வெளிப்புறம் வழியாகவும் கிருமி ஒட்டும்.

கார்பன் ஷவர் வடிகட்டியை இதற்கு மாற்றாக வாங்காதீர்கள். அது குளோரினை உறிஞ்சிவிடும், உள்ளே கிருமி வளர இடமும் கொடுக்கும்.

லெஜியோனெல்லா பெருக மூலக்காரணம் வெப்பநிலையும் தண்ணீர் தேங்குவதும். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை அது பெருகும். சேமிப்புத் தொட்டியில் சுடுநீர் 60 டிகிரி, குழாய் முனையில் குறைந்தது 50 இருக்கவேண்டும் (சுடுநீர் தோலைப் பொசுக்காமலிருக்க குளிர்நீரைச் சேர்த்துத் தரும் கலவை வால்வு அவசியம்). பயன்படுத்தாத குழாய்களை வாரம் ஒருமுறையாவது, நீர் தெறிக்காதபடி, திறந்துவிடுங்கள்.