யாழ்ப்பாணத்தில் ஏ-40 எஞ்சின் கட்டினோம்: லேத் பட்டறையிலிருந்து பஸ் பார்சல் வரை

ஊரில் தகரக் கொட்டிலுக்குள் அப்பா காலத்துக் காரைப் படங்குபோட்டு மூடி வைத்திருக்கிற நம்மவர்கள் கனபேர். எஞ்சின் செய்யவேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் ஏற்றவேண்டும், யாழ்ப்பாணத்தில் இப்ப ஆளில்லை என்று ரொறன்ரோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது சரியில்லை. இந்தமுறை போனபோது சின்ன மாமாவின் ஏ-40 என்கிற பழைய ஆங்கிலக் காரின் எஞ்சினை அங்கேயே முழுதாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி, பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங் தண்டைக் கிரைண்ட் பண்ணி, மாமா வீட்டு முற்றத்தில் வைத்துத் திருப்பிக் கட்டி ஓட்டிவிட்டுத்தான் வந்தேன். எந்த வேலைக்கு எப்படியான இடத்தைத் தேடவேண்டும், எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்பதை ஊருக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் மிச்சம் விளங்கும். ஒன்டாரியோவில் இன்னிஸ்ஃபில் பக்கம் சன்செட் ஸ்பீட்வே என்று ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள ஓவல் தளம் இருக்கிறது, கோடைச் சனிக்கிழமைகளில் அங்கே ஸ்டொக் கார் பார்க்கப் போய்ப் போய், கடைசியில் நண்பன் ஒருவனின் காருக்கு ஸ்காபரோவில் என் வீட்டுக் கராஜிலேயே எஞ்சின் கட்டத் தொடங்கினேன். 1967இல் வந்த செவ்ரோலே 350 எஞ்சின், உலகத்தில் மலிவாகச் சாமான் கிடைக்கிற எஞ்சின்களில் ஒன்று. காசு குறைந்தவன் றேஸ் எஞ்சின் கட்டுவதற்கு ஒரே வழிதான்: பிரிப்பது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது நான்கையும் தானே செய்யவேண்டும், போரிங், கிராங் கிரைண்டிங், வால்வ் வந்து உட்காருகிற வால்வ் சீற் மூன்றையும் மட்டும் மெஷின் உள்ளவனிடம் கொடுக்கவேண்டும். நல்ல மைக்ரோமீற்றர், சிலிண்டரின் உள்விட்டம் அளக்கிற போர் கேஜ், போல்ட்டைக் கணக்காக இறுக்குகிற டோர்க் ரெஞ்ச் இந்த மூன்றுக்கும் செலவழிக்க யோசிக்கக்கூடாது. வேகம் கூட்டுகிற பளபளப்புச் சாமானை வாங்காமல் விட்டால் அந்தக் காசு தானாக மிஞ்சும். மாமாவின் காரிலும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

மாமாவின் கார் ஒஸ்டின் ஏ-40 சொமசெற். 1952இலிருந்து 1954வரை வந்த மாடல், 1200 சிசி, 42 குதிரைவலு. யாழ்ப்பாணத்தில் இந்தக் கார் எப்படி இவ்வளவு காலம் தாக்குப் பிடித்தது என்பதற்குக் காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. சிலிண்டருக்குள் காற்றையும் எரிபொருளையும் அமுக்குகிற அளவு, அதாவது கொம்பிரஷன், 7.2க்கு 1தான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனபோது, சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் கார்ப்ரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். கொம்பிரஷன் கூடின எஞ்சினில் மண்ணெண்ணெய் விட்டால் அது தானாக வெடித்து நொக்கிங் அடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். இது தாங்கியது. ஆனால் சும்மா தாங்கவில்லை. சரியாக ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வழிந்து, கீழே ஓயில் நிற்கிற சம்புக்குள் இறங்கும், டிப் ஸ்டிக்கில் ஓயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே வரும், ஓயில் தண்ணியாகி, கிராங் சுழல்கிற பெயரிங் தேயும். ஓவலில் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஓடுகிற ஸ்டொக் காரில் ஓயில் சம்பின் வலப்பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றைக் குடித்தால் பெயரிங் எப்படி வழித்தெடுத்த மாதிரி வருமோ, அப்படித்தான் மாமாவின் பெயரிங்குகளும் வந்தன. சிலிண்டர் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டியது. அந்தளவுக்குத் தேய்வு.

எஞ்சினை இறக்கியது மாமரத்தில் செயின் புளொக் கட்டி. பக்கத்து வீட்டு அண்ணை தன் லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தில் பெட்டி கொழுவிக்கொண்டு வந்து, சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கையும் கிராங்கையும் ஏற்றிக் கொண்டுபோனார். ஓட்டோவில் ஏற்றலாம் என்று சிலர் சொன்னார்கள், வேண்டாம். கிராங்கைப் படுக்கப்போட்டுக் குலுக்கிக்கொண்டு போவது நல்லதல்ல, நிமிர்த்திக் கட்டவேண்டும், பெட்டியில்தான் அதற்கு இடமிருக்கும்.

முதலில் போன பட்டறையைப் பற்றி. பெயர் வேண்டாம். கிராங்கைக் கையில் எடுத்து, பெயரிங் பிடிக்கிற இடமான ஜேர்ணலில் விரலை ஓட்டிவிட்டு, “இருபது தவ் எடுத்தால் சரி, விட்டுட்டுப் போங்கோ” என்றார் அங்கிருந்தவர். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதைக் கண்ணாலும் விரலாலும் அளக்க ஒருவராலும் முடியாது. மைக்ரோமீற்றர் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தேவையில்லை, நாங்கள் எத்தனை செய்திருக்கிறம்” என்று பதில் வந்தது. எத்தனை செய்தவராக இருந்தாலும் அளக்காமல் கிரைண்டிங் கல்லைப் பிடிக்கிறவரிடம் கிராங்கைக் கொடுக்கக்கூடாது. திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். மாமாவுக்கு அந்த மனிசரோடு முகம் முறிகிறதே என்று கொஞ்சம் சங்கடம், ஆனால் ஏ-40 கிராங் ஒன்று கெட்டால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

பிறகு கொக்குவில் பக்கம் ஒரு பாஸிடம், அதாவது பட்டறை மேஸ்திரியிடம் போனோம். அறுபது தாண்டின மனிதர், உதவிக்கு ஒரு பெடியன், கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் படித்துவிட்டு வந்தவன். இந்த இரண்டு பேரும் சேர்ந்து வேலைசெய்கிற விதத்தைப் பார்க்கவே அங்கே போகலாம். பாஸ் பழைய எஞ்சின் எல்லாவற்றையும் கையால் அறிந்தவர், பெடியன் அளந்து கொப்பியில் எழுதுகிறவன். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், நெடுக்கும் குறுக்குமாகப் போர் கேஜ் விட்டு அளந்து எழுதியபிறகுதான் பாஸ் வாயைத் திறந்தார். “தம்பி, பிஸ்டன் கையில வந்தாப் பிறகுதான் நான் போரில கை வைப்பன். பிஸ்டன் இல்லாமல் வெட்டுறது தலை தெரியாமல் தொப்பி தைக்கிற மாதிரி.” கனடாவில் நான் மதிக்கிற ஒவ்வொரு எஞ்சின்காரனும் இதைத்தான் சொல்வான். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கனடாவுக்கும் ஊருக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் இதில்தான். ரொறன்ரோவில் மெஷின் ஷொப்பில் பிளாக்கைக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்தால், வாரக்கணக்காகக் காத்திருந்து பில்லோடு வாங்கவேண்டியதுதான், உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, கையில் பிளேன்ரீயைத் தந்து, “நில்லுங்கோ, பார்த்துச் செய்வம்” என்கிறார்கள். நின்றேன். நாலு பிஸ்டனையும் தனித்தனியே அளந்து, எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று பிளாக்கில் சோக்கால் எழுதி, ஒவ்வொரு போரையும் அதற்குரிய பிஸ்டனுக்கே கல்லால் தேய்த்து அளவாக்கி ஹோன் பண்ணிக் கொடுத்தார் பாஸ். றேஸ் எஞ்சினில் ஹோன் பண்ணும்போது, பிளாக்கின் மேல்மூடியான ஹெட் இருக்கவேண்டிய இடத்தில் தடித்த இரும்புத் தட்டொன்றை முறுக்கிவைப்போம், ஹெட் போல்ட் இறுக்கும்போது போர் கொஞ்சம் கோணும், தட்டு அந்தக் கோணலை முன்கூட்டியே கொண்டுவந்து காட்டும் என்று சொன்னேன். மெஷினை நிற்பாட்டிவிட்டு முழுதையும் கேட்டார், தட்டு எத்தனை அங்குலத் தடிப்பு, போல்ட் எவ்வளவு இறுக்கம் என்று. ஏ-40க்கு அது தேவையில்லை என்று இருவருமே முடிவெடுத்தோம்.

கிராங் பத்து தவ் எடுத்ததிலேயே துப்புரவாகிவிட்டது. முதல் பட்டறையில் விட்டிருந்தால் காரணமில்லாமல் இருபது போயிருக்கும், அடுத்தமுறை கிரைண்ட் பண்ண மிச்சம் குறைந்திருக்கும். இன்னொரு விஷயம், கிராங் கொடுக்கும்போது எல்லோரும் கவனிக்கவேண்டியது: ஜேர்ணல் முடிந்து பக்கச் சுவரோடு சேர்கிற மூலையில் சின்ன வளைவு இருக்கவேண்டும். கூர்மையான மூலையாக வெட்டிவிட்டால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும், கிராங் இரண்டாகும். பாஸ் கிரைண்டிங் கல்லின் விளிம்பை உருட்டி எடுத்துவிட்டுத்தான் கிராங்கை மெஷினில் பூட்டினார். கேட்காமலே செய்தார்.

சாமானுக்கு வருவோம். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கார்க், சீல், ஹோஸ், போல்ட், ஓயில் எல்லாம் கிடைத்தன, மோட்டார் சைக்கிளுக்கும் ஜப்பான் கார்களுக்கும் இருக்கிற அளவு பழைய ஆங்கிலக் கார்களுக்கு இல்லை, அது எதிர்பார்த்ததுதான். கடையில் நின்ற ஐயா ஒருவர் இல்லாத சாமானுக்கும் பக்கத்துக் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டுத் தந்தார். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு ஒரு தம்பியை அனுப்பி வால்வ் ஸ்பிரிங்கும் வாட்டர் பம்ப் சாமானும் எடுப்பித்தோம், இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுக் காலமை யாழ்ப்பாணத்தில் எடுத்தாயிற்று. இந்தப் பஸ் பார்சல் சேவையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பிஸ்டன், ரிங், பெயரிங் மூன்றும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றைச் சுங்கத்திலிருந்து வெளியில் எடுத்துத்தந்த முகவர் நிறுவனம் ஒன்று முதலில் சொன்ன கட்டணத்துக்கு மேலே திரும்பத் திரும்ப ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனது, எதற்கென்று கேட்டால் எழுத்தில் தரவில்லை. பயண நாள் நெருங்க நெருங்க நாங்கள் கட்டித்தான் ஆகவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்படியான சாமானை ஊருக்கு வெளிக்கிட முன்பே வாங்கிப் பெட்டிக்குள் கொண்டுபோவதுதான் புத்தி. என் மைக்ரோமீற்றரும் போர் கேஜும் அப்படித்தான் வந்தன, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஹெட்டில் ஒரு மேலதிக வேலை செய்வித்தோம். இலங்கையில் 2002இலிருந்து ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ட் வால்வ் சீற்றுக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது, அது இல்லாமல் ஓடினால் சீற் மெல்ல மெல்ல உள்ளே தேய்ந்துகொண்டு போகும், வால்வைத் தள்ளுகிற ரப்பெற்றின் இடைவெளி குறைந்து கடைசியில் வால்வ் மூடாது. ஆகவே எக்ஸோஸ்ட் பக்கம் கடினமான சீற் வளையம் வெட்டி அடித்தோம். இதையும் அதே பட்டறையிலேயே செய்தார்கள்.

வேலை முடிந்த பிளாக் வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், மலிவாகக் கட்டுகிற எஞ்சின் நிலைப்பதும் படுப்பதும் இதில்தான். ஹோன் பண்ணும்போது உதிர்கிற கல்தூள் போரின் கீறல்களுக்குள் ஒளிந்திருக்கும். பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் போகாது. சுடுதண்ணியும் சவர்க்காரமும்தான் அதற்கு மருந்து. மாமி அடுப்பில் அண்டாவில் தண்ணி கொதிக்கவைத்துத் தர, நான் சவர்க்காரத் தூள் போட்டுத் தும்புத் தூரிகையால் போரைத் தேய்த்தேன், ஓயில் ஓடுகிற துளைகளுக்குள் கம்பித் தூரிகை விட்டேன். பிறகு மாமாவின் பழைய வெள்ளை வேட்டித் துண்டொன்றில் ஓயில் தொட்டுப் போரைத் துடைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு படை. பார்வைக்குப் பளிங்காக இருந்த போர். திரும்பவும் சவர்க்காரம், திரும்பவும் துணி. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரைக்கும் விடக்கூடாது, வந்த உடனே ஓயில் பூசவேண்டும், நம்மூர் உப்புக்காற்றில் வெறும் இரும்பு கண் முன்னாலேயே செம்பட்டை பிடிக்கும்.

பூட்டுவது எங்கள் கையில். கழற்றிய ரப்பெற்றுகள் எட்டையும் முட்டை மட்டையில் இலக்கம் போட்டு வைத்திருந்தோம், ரப்பெற்றை ஏற்றி இறக்குகிற கேம் தண்டில் தேய்ந்து பழகினவற்றை இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். ரிங்கைப் போருக்குள் தனியே இறக்கி அதன் இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள வாயிடைவெளி பார்த்தோம், ஒரு அங்குலப் போருக்கு நாலு தவ் என்பது நாங்கள் றேஸ் எஞ்சினில் வைத்திருக்கிற கணக்கு, ஏ-40 போர் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட, ஆகப் பத்துக்குக் குறையாமல். பெயரிங் இடைவெளி ஜேர்ணல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தவ். றேஸ் காருக்கு இன்னும் அரைத் தவ் கூட விடுவேன், மாமா கோயிலுக்கும் சந்தைக்கும் போகிற காருக்கு அது தேவையில்லை. டோர்க் ரெஞ்ச் மாமாவின் கைக்குப் புதிது, “கை சொல்லாதோ?” என்று கேட்டவர், நாலு போல்ட் இறுக்கியதும் மிச்சத்தையும் தானே இறுக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

செலவுக் கணக்கைச் சொல்கிறேன். போரிங், கிராங், ஹெட் வேலை மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்தது ரொறன்ரோவில் ஒரு பிளாக்கைப் போர் பண்ணிக் கழுவித் தரக் கேட்கிற காசுக்கும் குறைவு. பெரிய செலவு பிஸ்டனும் பெயரிங்கும் அதை எடுத்த கட்டணமும்தான். பாஸுக்குக் கேட்டதற்கு மேலே கொடுத்தேன், நீங்களும் கொடுங்கள், கூலியைப் பேசிக் குறைக்கவேண்டாம். அளந்து செய்கிற வேலைக்கு அங்கே இப்ப கேட்கிற விலை மிகக் குறைவு.

போகிறவர்கள் நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளுக்குள் வேலையை மாட்டவேண்டாம், பட்டறைக்காரர் பாதிப்பேர் தேருக்கும் தீர்த்தத்துக்கும் போய்விடுவார்கள், அது அவர்களின் உரிமை. ஓயில் வாங்கும்போது பழைய எஞ்சினுக்கேற்ற, துத்தநாகச் சேர்மானம் கூடின 20டபிள்யூ-50 கேளுங்கள், இல்லாவிட்டால் கேம் தேயும். புது ரிங்கை மெதுவாக வெறுமனே ஓடவிட்டுப் பழக்கக்கூடாது, கொஞ்சம் பாரம் கொடுத்து ஏற்றி இறக்கி ஓட்டவேண்டும், முதல் ஓயிலைச் சீக்கிரமே வடித்து மாற்றவேண்டும். மாமா பலாலி வீதியில் ஓட்டிப் பழக்கி, முதல் ஓயிலை மாற்றிவிட்டதாகப் போனில் சொன்னார், வடித்த ஓயிலில் மின்னுகிற தூள் ஏதும் இல்லையாம். அடுத்தது கியர்பொக்ஸ், இரண்டாவது கியர் தானாகக் கழன்று குதிக்கிறது. அதற்கு வேண்டிய, கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற சிங்க்ரோ வளையத்தை இப்பவே இங்கிலாந்தில் தேடத் தொடங்கிவிட்டேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.