தைராக்சின் மாத்திரைப் புட்டி: மருந்தில் குறையில்லை, லேபிளில் உண்டு

என் தாயார் பல ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் உட்கொண்டு வரும் லெவோதைராக்சின் மாத்திரையைப் பற்றி, அதை வாங்கி வைத்துக் கணக்குப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மருந்தின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. குறையெல்லாம் அது அடைக்கப்பட்டு வரும் புட்டியின் மீதும், அதனுடன் நமக்குச் சொல்லப்படாமல் போகும் செய்திகளின் மீதும்தான்.

தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காதவர்களுக்குச் சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை, காரணமின்றி எடை கூடுதல் போன்ற தொல்லைகள் வருகின்றன. இந்த மாத்திரையில் இருப்பது, அந்தச் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் தைராக்சினின் அதே வேதிப்பொருள்தான். கல்லீரல் முதலிய உறுப்புகள் அதைத் தேவைக்கேற்ப டி3 (T3) என்ற வீரியமிக்க வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. 1891-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி நோயாளியைத் தேற்றினார். 1914-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று அதே பொருள் ஆலையில் தயாராகி, மாத்திரை ஒன்றுக்கு ஒன்றிரண்டு ரூபாய் விலையில் நம் தெருமுனை மெடிக்கலில் கிடைக்கிறது. ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்துக்கு இந்த விலை பெரிய ஆறுதல்.

ஆனால் இந்த மருந்திடம் அவசரம் பலிக்காது. உடலில் சென்ற தைராக்சினில் பாதி நீங்குவதற்கே ஏறக்குறைய 7 நாட்கள் ஆகின்றன. அதனால் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ அதன் முழு விளைவு தெரிய ஆறு வாரங்கள் பிடிக்கும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை ரத்தத்தில் அளந்து, மருந்தின் அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்ஹெச் (TSH) பரிசோதனையை 6 முதல் 8 வாரங்கள் கழித்துத்தான் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள் என்பதன் காரணம் இதுவே. பத்து நாளில் சோர்வு தீரவில்லை என்று தாமாகவே ஒன்றரை மாத்திரை விழுங்கத் தொடங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி புட்டிக்கு வருகிறேன். ஒளி, வெப்பம், ஈரம் ஆகிய மூன்றும் தைராக்சினைக் கெடுக்கும் என்பதால், ஒளி புகாத புட்டியில் 100 அல்லது 120 மாத்திரைகளாக அடைத்துத் தருவது சரியான ஏற்பாடு. மூடிக்கடியில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைக் குப்பை என்று எடுத்து எறிந்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உள்ளங்கையில் கொட்டிய மாத்திரைகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை மீண்டும் புட்டிக்குள் போட்டால் மீதியும் கெடும். ஆகவே மூடியில் ஒன்றைத் தட்டி எடுத்து, உடனே மூடிவிடும் பழக்கத்தை ஏற்படுத்தினோம். அடுப்படி அலமாரியிலிருந்த புட்டியைப் படுக்கையறைக்கு மாற்றியதும் இதற்காகத்தான்.

என் மனக்குறை லேபிளைப் பற்றியது. நாங்கள் வாங்கும் புட்டியில் மாத்திரையின் வலிமை மூக்குக்கண்ணாடி போட்டும் படிக்க முடியாத சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது. இது வெறும் வசதிக்குறைவு அன்று. இந்த மருந்தில் 12.5 மைக்ரோகிராமும் உண்டு, 125 மைக்ரோகிராமும் உண்டு. இடையிலுள்ள ஒரு புள்ளி கண்ணுக்குத் தப்பினால் அளவு பத்து மடங்காகிவிடும். மாத்திரைகளோ பல பிராண்டுகளில் ஏறத்தாழ ஒரே உருவம். இதய நோயுள்ள முதியவர்களுக்கு மருத்துவர்கள் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில்தான் தொடங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் குறையின் கனம் புரியும். புதிய புட்டி வந்ததும் எங்கள் வீட்டில் அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, வலிமையைத் தமிழில் பெரிதாக எழுதி விடுகிறோம். இந்த வேலையை நிறுவனமே செய்திருக்கலாம்.

எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும். காபியும் இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், எழுந்தவுடன் டபரா செட்டைத் தேடும் நம் வீடுகளில் இது எளிய விதி அன்று. என் தாயார் விடியற்காலையில் கண்விழிக்கும்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காபியைக் கோலம் போட்டு முடித்த பிறகு குடிக்கிறார். அதுவும் இயலாதவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். 2010-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று இரவு நேரமும் நல்ல பலன் தருவதாகக் காட்டியிருக்கிறது.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் சில வகை அமில நீக்கி மருந்துகளுக்கும் இதற்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆயினும் காலை மாத்திரைகளை எல்லாம் சேர்த்து ஒரே கையில் வாங்கி ஒரே மடக்கில் விழுங்குவது முதியவர்களிடம் வழக்கமாகவே இருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தையும் இதனுடன் எடுத்துக்கொள்பவர்களுக்கு ரத்த உறைவுப் பரிசோதனையை அடிக்கடி செய்ய நேரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிடாயின் போன்ற மருந்துகள் தைராக்சினை விரைவாக உடலிலிருந்து நீக்கிவிடும். ஆகவே எந்தப் புதிய மருந்து எழுதப்பட்டாலும் இந்தப் புட்டியை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

உடல் இளைப்பதற்காக இதைக் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சுரப்பி நன்றாக இயங்கும் ஒருவர் எடையைக் குறைக்க இதைச் சாப்பிடுவது ஆபத்தான செயல். அளவு மிகுந்தால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை ஆகியவற்றில் தொடங்கி, இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகவும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயவும் கூடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்பவரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர் மீது கோபம் கொள்வதில் நியாயமில்லை. மறுபுறம், கர்ப்பிணிகள் பயந்துபோய் இதை நிறுத்திவிடக் கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினை நம்பியிருப்பதால் கர்ப்பத்தில் பெரும்பாலும் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கரு உறுதியானவுடனேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கு மேலும் இரண்டு செய்திகள். கடையில் வழக்கமான பிராண்ட் இல்லை என்று வேறொன்றை நீட்டினால், வலிமை ஒன்றே ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றி, 6 முதல் 8 வாரங்களில் டிஎஸ்ஹெச் பார்த்துக்கொள்ள வேண்டும். முடி வளர்வதற்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது அதை நிறுத்த வேண்டும். இல்லையெனில் சோதனைச் சீட்டில் வரும் எண் பொய்யாகி, அதை நம்பி மருந்தின் அளவும் தவறாக மாற்றப்படலாம்.