பழைய கடிகார டயல்: துடைப்பதா, புதிதாக அச்சிடுவதா?

பெங்களூர் ஜாலஹள்ளியில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியதன் பயனாக, இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பீரோக்களில் இன்றும் அதன் ஜனதா, பைலட் மாதிரிக் கடிகாரங்களில் ஒன்று கிடக்கிறது. அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், "டயலையும் புதுசாக்கிடலாமா?" என்று கேட்பார்கள். என் தந்தையின் ஜனதாவுக்கு நான் உடனே சம்மதித்தேன். நான்கு மணிப் பக்கம் ஈரக்கறை படிந்து, தேவநாகரியில் பெயர் தாங்கியிருந்த வெளிர்நிற டயல், தடித்த ஆங்கில எழுத்துகளோடு பளிச்சென்ற நீலமாகத் திரும்பி வந்தது. அந்தக் கறை அவர் மணிக்கட்டின் வியர்வையால் வந்தது என்பதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

டயல் என்பது பெரும்பாலும் மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் முலாமோ வண்ணமோ, அதற்கும் மேல் லாக்கர் எனும் ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் பூச்சு. எழுத்துகள் லாக்கருக்கு அடியில் இருக்கின்றனவா, மேலே இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே துடைக்கும் முறை அமையும். மேலே இருந்தால், ஈரப்பஞ்சை ஒருமுறை இழுத்தாலே எழுத்து பஞ்சோடு வந்துவிடக்கூடும். ஆகவே காற்றூதும் குமிழ், மென்தூரிகை, தூசியை ஒற்றி எடுக்கும் பசைக்களிமண் ஆகியவற்றோடு தொடங்கி, கடிகாரக் கூட்டின் விளிம்பு மறைக்கும் ஓரத்தில் சோதித்த பிறகே ஈரத்துக்குப் போக வேண்டும். லாக்கரே மஞ்சளித்திருந்தால் எந்தத் துடைப்பும் அதை மீட்காது. உலையில் சுட்ட எனாமல் டயல் மட்டும் விதிவிலக்கு: அது கண்ணாடியைப் போன்றது, கழுவலாம்.

1970-க்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் டயல்களில் கதிரியக்கப் பொருளான ரேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை, ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அவற்றைச் சுரண்டவோ வீட்டில் துடைக்கவோ கூடாது.

புதுப்பிப்பது வேறு வேலை. பழைய பூச்சைப் பித்தளை வரை நீக்கி, மறுபடி வண்ணமிட்டு, எழுத்துகளைப் புதிதாக அச்சிடுகிறார்கள். போன மூல அச்சைப் பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது. நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு பொருந்தாமல் விலகுவதும், எழுத்து தடிப்பதும் அதன் அடையாளங்கள். இப்படி மாறியவற்றையே சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்லி ஒதுக்குகிறார்கள்.

எழுத்து வாசிக்கத் தெரியும் டயலை உலர்முறையில் மட்டும் துடைத்து, கறையோடு விட்டுவிடுவதே என் தேர்வு. பித்தளையில் படியும் பச்சைக் களிம்பு தகட்டைத் தின்று பெயரே அழிந்திருந்தால் அச்சிடக் கொடுக்கலாம். ஆனால் அதற்குமுன் டயலின் இரு பக்கங்களையும் படமெடுத்து, அதே எழுத்துரு, அதே நிறம் என்று தாளில் எழுதிக் கொடுத்து, அந்தக் கைவினைஞர் முன்பு செய்த ஒரு டயலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும்.